டத்தோ ஆக்கப்பட்ட கோப்ரலும் என் அண்ணியும்

அச்சடித்த தமிழின் மேல் என் அண்ணி சூடான சட்டியை இறக்கி வைத்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். தைப்பூசம் முடிந்த இரண்டாம் ஞாயிறு அது. ஈப்போவின் சிலிபின் பகுதியில், அண்ணன் வீட்டுச் சமையலறையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கடையில் வார இதழை வாங்கி, வழியில் பிரித்துப் பார்க்காமல், நேராகக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தேன். முதலில் படிப்பது அவர் உரிமை. கையைத் துடைத்துக்கொண்டு நடுப்பக்கத்தைத் திருப்பி, நின்றபடியே படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. படித்து முடித்ததும் இதழை மேசையில் விரித்து, அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கி அந்தப் பக்கத்தின் நடுவில் வைத்தார். சட்டிக்கு வெளியே தலைப்பு மட்டும் தெரிந்தது: ‘டத்தோ வீரையா’.

“அண்ணி, சட்டி சுடுது,” என்றேன்.

“டத்தோ தாங்குவாரு. நீங்க சாப்புட வாங்க,” என்றார்.

வீரையா யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீரையா ஒரு கற்பனை உளவாளி. எங்கள் வட்டாரத்தில் கற்பனை என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவனைப் படைத்தவர் சுங்கை சிப்புட்டுக்கு உட்புறமிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தின், அதாவது ரப்பர் தோட்டத்தின், மருந்தகத்தில் வேலை பார்த்த டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, பொய்க் காய்ச்சலோடு வருகிறவரைக் கண்டுபிடிப்பது ஆகியவை அவர் தொழில். இந்தக் கடைசித் திறமைதான் தன்னைத் துப்பறியும் கதைப் பக்கம் தள்ளியது என்று அவரே சொல்லிக்கொள்வாராம். திங்கட்கிழமை பெரட்டில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரையும் விடியற்காலையில் வரிசையாக நிறுத்தும் இடத்தில், ஞாயிறன்று வீரையா என்ன செய்தான் என்பதுதான் முதல் பேச்சு. படிக்கத் தெரிந்தவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். வேலையை மேற்பார்க்கும் தண்டலும் கேட்பார், கேட்காதவர்போல.

அவன் முழுப் பெயரே கோப்ரல் வீரையா என்றுதான் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் மனிதர்களுக்குப் பதவிதான் முதல் பெயர். துரை, கிராணி, தண்டல், டிரசர். போலீசில் கோப்ரல் என்பது தோட்டத்துப் பையன் ஒருவன் எட்டக்கூடிய உயரம். உளவுப் பிரிவில் இருந்த அவன் கோப்பிக்கடையில் குவளை கழுவினான், டுரியான் லாரியில் பழக்கூடைகளுக்கு நடுவே படுத்து எல்லை தாண்டினான், திருவிழாவில் பலூன் விற்றான். எவரும் அவனை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வழக்கு முடிந்ததும் மேலதிகாரி, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பார். வீரையா விடுப்பு கேட்பான். பதவி உயர்வு கேட்கவே மாட்டான். வாசகர்கள் பொறுக்கமாட்டாமல் எழுதினார்கள். பாவம், சார்ஜனாகவாவது ஆக்குங்கள் என்று. டிரசர் ஒரே ஒரு முறை கேள்வி பதில் பகுதியில் பதில் சொன்னார்: மேலே ஏற்றினால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான், உட்கார்ந்திருப்பவனை வைத்து யார் கதை எழுதுவது?

இரும்புக்கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். பொழுதுபோக்கு, வீரையாவின் வாழ்க்கையை வரிசைப்படுத்துவது. எந்த வழக்கு எந்த மழைக்காலத்தில் நடந்தது, எந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போகவில்லை, தோளில் பட்ட காயம் இடமா வலமா என்றெல்லாம் அத்தியாயங்களைப் புரட்டி ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேன். உலகத்து உளவுக் கதைகளையும் கைக்குக் கிடைத்தவரையில் படித்திருக்கிறேன். அதில் ஒன்றைக் கவனித்தேன். எழுதியவர் மறைந்தபின் அவருடைய உளவாளியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தொடுவது பெயரையும் பதவியையும்தான். சிலர் பெயரைச் சுருக்குவார்கள், சிலர் பதவியை ஏற்றுவார்கள், சிலர் இரண்டையும் யாரோ ஒரு இளைஞனுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். புது வீட்டுக்குக் குடிவந்தவர் முதல் வேலையாகக் கேட்டுக்கு வேறு வண்ணம் அடிப்பதில்லையா, அதுபோல. வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆள் மாறியது மட்டும் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

டிரசர் இறந்தபின் முதலில் வந்தவர் தலைநகரத்துக்காரர். அவர் வீரையாவை ‘வீரா’ ஆக்கினார், இன்ஸ்பெக்டர் ஆக்கினார். எழுத்து மோசமில்லை. சண்டைக் காட்சிகளை டிரசரைவிட நன்றாகவே எழுதினார். ஆனால் இன்ஸ்பெக்டர் வீரா குவளை கழுவவில்லை. தொலைபேசியில் உத்தரவு போட்டார். குவளை கழுவ வேறு ஒருவனை அனுப்பினார். அந்த வேறு ஒருவனைத்தான் நாங்கள் பார்க்க விரும்பினோம். தொடர் மெல்ல வற்றியது.

இரண்டாமவர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைக் கேலி செய்வது பிறகு பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவர் முதல் வேலையாக வீரையாவுக்கு முழுப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பாசத்தால் கெடுத்தார். இத்தனை காலம் நாட்டுக்கு உழைத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை எதுவோ அதைக் கொடுத்தார். அரண்மனையில் வீரையா டத்தோ பட்டம் பெறும் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பலர் வாழ்த்து விளம்பரமே கொடுத்தார்கள். தன் தோட்டத்துப் பையன் டத்தோ ஆனதுபோல் எங்கள் தெருவில் ஒருவர் பக்கத்து வீடுகளுக்குக் கேசரி கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது.

சங்கடம் மறுவாரமே தொடங்கியது. டத்தோவாகிவிட்ட ஒருவர் நம் ஊரில் எங்கே ஒளிந்துகொள்வார்? வீரையா சந்தேக ஆளைத் தொடர்ந்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். வாசலிலேயே நான்கு பேர் ஓடிவந்து கும்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கோப்பிக்கடையில் மறைந்திருக்கப் பார்த்தால் முதலாளி காசு வாங்க மறுத்துப் படம் எடுத்துச் சுவரில் மாட்டினார். உச்சமாக ஓர் அத்தியாயம் வந்தது. சந்தேக ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். வீரையாவைக் குத்துவிளக்கேற்ற அழைக்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் அவன் கோலகங்சார் போய்ச் சேர்ந்துவிட்டான். எழுத்தாளர் இதைக் கேலியாக எழுதவில்லை. பரபரப்பாகத்தான் எழுதினார். அதுதான் கொடுமை. கடிதங்கள் குவிந்தன, பிறகு கடிதங்களும் நின்றன. அந்தத் தீபாவளிக்கு முன்பே தொடர் நிறுத்தப்பட்டது.

அண்ணி அப்போது ஈப்போ நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் ‘நான் அடிச்சேன்’ என்றால், இவரும் மலாயில் ‘நான் அடித்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அடித்ததாக இவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. நாள் முழுக்கப் பிறருடைய ‘நான்’களைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைப்பார். “காலையில நாந்தான் திருடுனேன், மத்தியானம் நாந்தான் திருட்டு குடுத்தேன். ஒரு வார்த்த கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்,” என்பார். இன்னொருவர் குரலில் பேசுவது என்றால் என்ன என்று அந்த வட்டாரத்தில் அவரைவிட அறிந்தவர் இருந்திருக்க முடியாது. வீரையா தொடர் நின்றுபோன மாதத்தில் ஒருநாள், வெங்காயம் அரிந்துகொண்டே, “தம்பி, அத நான் எழுதுறேன்,” என்றார். அதற்கு முன் அவர் எழுதியவை சில சிறுகதைகள் மட்டும். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அவர் வெங்காயத்தைப் பார்க்காமல் அரிந்துகொண்டிருந்தார்.

மறு சனிக்கிழமை இருவரும் இதழ் அலுவலகத்துக்குப் போனோம். ஆசிரியர் ஒடிசலான மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் சர்க்கரை போடாத கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“எழுதுங்கக்கா, யாரு வேண்டாம்னா? ஆனா ரெண்டு விசயம் இருக்கு. நம்ம இதழ்ல அச்சுல வந்தது வந்ததுதான். அது கனவு, அது பொய்யின்னு எழுத வுட மாட்டேன். டத்தோ டத்தோதான். பட்டத்த புடுங்குற வேலையெல்லாம் வேண்டாம், அப்புறம் எனக்குத்தான் வம்பு.”

“ரெண்டாவது?”

“டிரசர் வூட்டம்மா சரின்னு சொல்லணும். போன தடவைக்கு அப்புறம் அந்தம்மா எங்கிட்ட பேசறதே இல்ல.”

“எம் பேர போடுவீங்களா?”

ஆசிரியர் மறுபடியும் ஒரு மிடறு குடித்தார். “மேல டிரசர் பேரு போடுறோம். முன்ன எழுதுன ரெண்டு பேருக்கும் அப்படித்தான் போட்டோம். அந்தப் பேருதான் விக்கும்லா. ஒங்க பேர பத்தி அப்புறம் பாக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப?”

“அப்புறம்தான்.”

பீடோரில் டிரசரின் மனைவி கொய்யா மரங்களுக்கு நடுவே ஒரு பலகை வீட்டில் இருந்தார். சாலையோரக் கடைக்குக் கொடுப்பதற்காகப் பழங்களைத் தரம் பிரித்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். வந்த காரியத்தை அண்ணி சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

“மொத ஆளு வந்தான், பேர பாதி வெட்டுனான். ரெண்டாவது ஆளு வந்தான், தலையில கிரீடத்த வச்சான். நீ வந்திருக்க. நீ என்னா ஆக்கப் போற? அதுக்கும் மேல, டான்ஸ்ரீயா?”

“கோப்ரலாத்தான் வச்சிருக்கப் போறேம்மா.”

“எப்படி வைப்ப? எங்க வூட்டுக்காரரு எத்தன வருசம் அவன கோப்ரலாவே வச்சிருந்தாரு தெரியுமா? மெட்ராசிலேருந்து ஒருத்தரு வந்து, இவன மேஜராக்கு, அங்க புஸ்தகமா போடுறேன்னாரு. முடியாதுன்னுட்டாரு. அந்தக் காசு வந்திருந்தா இந்த வூட்டுக்குக் கல்லுல சுவரு வச்சிருப்போம். நான் அதுக்காக அவருகிட்ட ஒரு நாளும் சண்ட போட்டதில்ல. இப்ப இவனுங்க சும்மாவே ஏத்திட்டானுங்க.”

“நான் எறக்கிடுறேன்.”

“அப்ப கோப்ரலா எழுதிட்டு வந்து காட்டு. அதுல டத்தோன்னு ஒரு எழுத்து இருந்துச்சுன்னா வாசப்படி ஏறாத. இந்தா, கொய்யா எடுத்துக்கிட்டுப் போ. காசு வேண்டாம்.”

திரும்பும் வழி முழுவதும் கார் கொய்யா வாசனையாக இருந்தது. நிலைமை எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆசிரியருக்கு வீரையா டத்தோவாகவே இருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு அவன் கோப்ரலாகவே இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் தொடர் இல்லை. அதை எழுத வேண்டும் என்ற அண்ணியின் ஆசைக்கும் இடமில்லை. நான் என் அறிவுக்கு எட்டிய வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பட்டம் பெறுவதற்கு முந்தைய காலத்துக்குப் போய்ப் பழைய வழக்கு ஒன்றை எழுதலாம் என்றேன். “செத்தவன் போட்டோவுக்கு மால மாத்துற மாதிரி இருக்கும்,” என்றார். இரட்டையர்களில் ஒருவர் டத்தோ, மற்றவர் கோப்ரல் என்றேன். “அது சினிமா தம்பி.” அப்படியானால் தலையில் அடிபட்டு, தான் டத்தோ என்பதையே மறந்துவிடுகிறான் என்றேன்.

“அவன் மறந்துருவான். ஊர்க்காரன் மறப்பானா?” என்றார்.

தீபாவளி போனது, தைப்பூசம் போனது, மாசி, பங்குனி இரண்டும் போயின. அண்ணி ஒரு வரி எழுதவில்லை. இந்த நாட்களில்தான் அவர் சோர்ந்ததை முதன்முறையாக நான் பார்த்தேன். “இது என்னால ஆகாதோ என்னமோ” என்று ஒரு நாள் சொன்னார். அண்ணன், கதையே படிக்காதவர், “ஆவாட்டி வுடேன், யாரு ஒன்ன கேட்டா?” என்றார் ஆறுதலாக. அந்த ஆறுதலுக்கு அவர் இரண்டு நாள் பேச்சில்லாமல் சாப்பிட வேண்டியிருந்தது.

சித்திரையில் ஈப்போவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நாங்கள் மண்டப வாசலில் நிற்கும்போது கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. டத்தோ ஒருவர் வந்திருக்கிறார். மேளம் ஒரு சுற்று உயர்ந்தது, பெண்ணின் தகப்பனார் ஓடினார், மாலை ஓடியது. பின்கதவு திறந்தது. அவர் இறங்கினார், கும்பிட்டார், எல்லாரும் அவரோடு உள்ளே போனார்கள். நான் அவருடைய சட்டையின் பூ வேலைப்பாடு வரை பார்த்துவிட்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே பார்க்கவில்லை.

“தம்பி, கதவ தொறந்து வுட்டவரு மீச வச்சிருந்தாரா?”

யோசித்தேன். கதவு திறந்தது எனக்கு நினைவிருந்தது. கை ஒன்று திறந்திருக்க வேண்டும். அந்தக் கைக்கு மேலே முகம் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

“பாக்கலண்ணி.”

“யாரும் பாக்கல,” என்றார். அவர் முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் கண்முன் கொண்டுவர முடியும். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணமேடைக்குப் போகாமல், கார்கள் நிற்கும் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அங்கே மரத்தடியில் ஓட்டுநர்கள் நாலைந்து பேர் மீகூன் என்ற அரிசி நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கல்யாணத்தைவிடக் கலகலப்பாக இருந்தார்கள். உள்ளே நடக்கும் எல்லாவற்றையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். எந்த டத்தோ எந்த டத்தோவோடு பேசுவதில்லை, யார் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார், யார் மேடையில் மைக்கை விடமாட்டார். அண்ணி கறுப்புக் காரின் ஓட்டுநரைக் கண்டுபிடித்தார். மீசை இருந்தது. பெரிய மீசை.

“அண்ணே, டத்தோ இங்கேருந்து எங்க போறாரு?”

“அது அவருக்கே தெரியாதுக்கா,” என்றார் அவர், மீகூனை மென்றபடி. “எனக்குத்தான் தெரியும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. மணமக்களுக்கு அரிசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் என்னிடம் ஒரு வேலை சொன்னார்: டத்தோ வீரையா அத்தியாயங்கள் எல்லாவற்றையும் எடுத்து, எதிலெல்லாம் ஓட்டுநர் வருகிறார் என்று பார்க்க வேண்டும்.

என் வாழ்க்கையில் நான் செய்த ஆராய்ச்சிகளிலேயே மகிழ்ச்சியானது அதுதான். இரண்டாமவர் ஓட்டுநருக்குப் பெயர் வைக்கவில்லை, முகம் வைக்கவில்லை, ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் டத்தோ என்றால் கார் வேண்டும், கார் என்றால் ஓட்டுபவர் வேண்டும் என்ற வழக்கத்தால், ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒரு வரி எழுதியிருந்தார். ‘ஓட்டுநர் காரை நிழலில் நிறுத்தினார்.’ ‘ஓட்டுநர் கதவைத் திறந்தார்.’ லங்காவிக்கு விமானத்தில் போகும் அத்தியாயத்தில் அவர் இருக்க வாய்ப்பில்லை என்று பயந்தேன். அதிலும் ‘ஓட்டுநர் பெட்டியோடு பின்னால் வந்தார்’ என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொன்னாடை அத்தியாயத்தில் தப்பியோடிய ஆள் மறுவாரம் கோலகங்சாரில் பிடிபடுகிறான். எப்படிப் பிடிபட்டான் என்று எழுத்தாளர் சொல்லவில்லை. ‘யாரோ கொடுத்த தகவல்’ என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டார். முந்தைய வாரம் டத்தோ மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது கார் எங்கே இருந்தது என்று பார்த்தேன். வாசலில் இல்லை. ‘பேச்சு முடிந்து வெளியே வந்தபோது காரைக் காணோம், சற்றுக் கழித்துத்தான் ஓட்டுநர் வந்து சேர்ந்தார்’ என்று ஒரு வரி. நான் அந்தப் பக்கத்தோடு அண்ணி வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினேன். மழை பெய்துகொண்டிருந்தது, இதழைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, “பாவி மனுசன், அவரே கோப்ரல வண்டியில ஒக்கார வச்சிட்டு அவருக்கே தெரியாம இருந்திருக்காரு,” என்றார்.

அண்ணி செய்தது இதுதான். அச்சில் வந்த ஒரு வரியையும் அவர் மறுக்கவில்லை. டத்தோ டத்தோதான். அவர் ஓய்வுபெற்ற ஒரு மேடை நடிகர். எதிரிகள் தேடிக்கொண்டிருந்த வீரையா என்ற பெயரைத் தன்மேல் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டவர். பட்டமும் பொய்யில்லை. இன்னொருவனுக்கு வரவேண்டிய குண்டுக்குத் தன் மார்பைக் காட்டிக்கொண்டு ஊரூராக மாலை வாங்கும் வேலைக்காக அரசாங்கம் அவருக்கு முறையாகக் கொடுத்தது அது. எல்லாருடைய கண்ணும் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைச் சட்டையோடு முன்கதவால் இறங்கியவன்தான் எங்கள் ஆள். பெயரை ஒருவர் சுமந்தார். பதவியை மற்றவன் வைத்துக்கொண்டான். நான் படித்த வாரிசு எழுத்தாளர்கள் எல்லாம் பெயரையும் பதவியையும் ஒரே மூட்டையாக எண்ணித் தூக்கியவர்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் என் அண்ணி.

வைகாசியில், விசாகத்துக்கு மறுநாள், மீண்டும் பீடோருக்குப் போனோம். அண்ணி வாசல் படியிலேயே நின்றார்.

“இதுல டத்தோன்னு நெறைய எடத்துல இருக்கும்மா. ஏறட்டுமா வேண்டாமா?”

டிரசரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அங்க நின்னே படி. புடிச்சா ஏறு.”

அண்ணி வெயிலில் நின்று படித்தார். நீதிமன்றக் குரல் அது. கூட்டாமல், குறைக்காமல். திறப்புவிழா, மாலைகள், ஒலிபெருக்கி, டத்தோவின் நீண்ட பேச்சு. அந்த அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. கொய்யாவைப் பைக்குள் போடும் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு டத்தோ காருக்கு வருகிறார். ஓட்டுநர் கதவைத் திறக்கிறார், மூடுகிறார், சுற்றி வந்து முன்னால் ஏறுகிறார். கண்ணாடிகள் ஏறுகின்றன. வெளியே கையாட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், பின் இருக்கையிலிருந்து டத்தோ கேட்கிறார்: ‘இப்ப எங்க போறோம், கோப்ரல்?’

பழம் ஒன்று அந்த அம்மாவின் கையிலேயே நின்றது.

“கொஞ்சம் இரு,” என்றார். “அப்ப அந்த மாலையெல்லாம் வாங்குனது இவன் இல்லையா?”

“இல்லம்மா. இவன் வெளிய நின்னான்.”

“வெளக்கு ஏத்துனது?”

“அவரு.”

“கோலகங்சார்ல புடிச்சது?”

“இவன்.”

அவர் கையில் நின்ற பழத்தைப் பைக்குள் போட்டார். பிறகு இன்னொரு கேள்வி, அதுதான் எங்களைத் தூக்கிப்போட்டது: “எங்க ஆளுக்குப் பேரே இல்லாம பண்ணிட்டியே. வீரையாங்கிறது அந்தாளுக்குப் போயிடுச்சே.”

“ஊருக்கு முன்னால அவரு வீரையா. காருக்குள்ள வேற யாரும் இல்லாதப்ப இவன் கோப்ரல். தோட்டத்துல ஒங்க வூட்டுக்காரர யாரு பேரு சொல்லிக் கூப்புட்டாங்க? டிரசர்னுதானே? அவரு கொறைஞ்சா போயிட்டாரு?”

அந்த அம்மா சிரித்தார். பல் தெரியாத, தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. “கோர்ட்டுக்காரி. வாயப் பாரு. ஏறி வா மேல,” என்றார்.

தேநீர் குடித்தோம். அண்ணி தயங்கித் தயங்கி, இதழில் மேலே டிரசர் பெயர்தான் வரும், தன் பெயரைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை என்றார். அவர் கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். ஆனால் குரல் வழக்கமான குரல் இல்லை. வீரையாவை மீட்டாயிற்று, இனி தன்னை மீட்பது எப்படி என்ற இடத்தில் அவர் நின்றார் என்பது எனக்குப் புரிந்தது. நாள் முழுக்கப் பிறருடைய ‘நான்’ ஆக இருந்தவருக்கு, அச்சில் ஒரே ஒரு இடத்தில் தன் பெயர் தானாக நிற்க வேண்டும் என்பது சின்ன ஆசை இல்லை.

அந்த அம்மா கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். “அந்த எடிட்டர போட்டுக் குடு.” போட்டுக் கொடுத்தேன். அவர் பேசியது முழுவதும் எனக்கு மனப்பாடம்.

“தம்பி, நாந்தான். எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு. ஒங்களுக்குத் தெரியுமில்ல? ஒங்க பேப்பர்லதான் போட்டீங்க. செத்தவரு எப்படி வாராவாரம் எழுதுவாரு? அவரு உண்டாக்குன ஆளுன்னு கீழ சின்னதா போடுங்க. எழுதுறது யாரோ அவங்க பேர மேல போடுங்க. இல்லன்னா நான் சரின்னு சொல்லல. எங்க, அப்புறமா? அப்புறம்லாம் இல்ல. இப்ப சொல்லுங்க.”

மறுமுனையில் ஒரு மிடறு கோப்பி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆசிரியர் சரி என்றார்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு முதல் அத்தியாயம் வந்தது. சிலிபின் கடையில் காலை பத்து மணிக்கே இதழ் தீர்ந்துவிட்டது. கடைக்காரர், இரண்டு பிரதி வாங்கிய என்னை முறைத்தார். பகலுக்குள் கைத்தொலைபேசிகளில் ‘இப்ப எங்க போறோம், கோப்ரல்?’ என்ற அந்த வரி சுற்றத் தொடங்கியது. அன்றிரவு, பழைய அத்தியாயங்களைத் தேடியெடுத்து ஓட்டுநரை ஒவ்வொரு வரியாகக் கண்டுபிடித்தவர்கள் என்னைப்போல் எத்தனையோ பேர் என்று பின்பு கடிதங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். இரண்டாமவர் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தார். கோபிப்பார் என்று பயந்திருந்தோம். “அம்மா, என் கதையில நீங்க ஒண்ணையும் அழிக்கல. நானே பாக்காத ஒரு ஆள எனக்குக் காட்டிட்டீங்க,” என்றார்.

இப்போது அண்ணி நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தொடர் நடக்கிறது. அது இரண்டு முறை புத்தகமாகியிருக்கிறது. அட்டையில் அவர் பெயர் மேலே, பெரிதாக. என்னுடைய காலவரிசையில் அந்த முதல் ஞாயிற்றைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். ஆனால் இதழ் தீர்ந்ததையோ, கடிதங்களையோ, அட்டையையோ நான் வெற்றி என்று எண்ணுவதில்லை. அன்று காலை ஏழு மணிக்கே, நாங்கள் இன்னும் பசியாறாதபோது, பீடோரிலிருந்து வந்த தொலைபேசிதான் அது. அண்ணி ஒலிபெருக்கியில் போட்டார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தோம்.

“இந்தா பொண்ணு,” என்றார் டிரசரின் மனைவி. “நீ அன்னிக்குப் படிச்சதுல இல்லாத ஒண்ணு இதுல இருக்கே. மாடியிலேருந்து ஒருத்தன் டத்தோவ பாக்காம டிரைவரையே பாத்துக்கிட்டு இருக்கான். யாரு அவன்?”

“அத இப்ப சொல்ல முடியாதும்மா.”

“எனக்குமா சொல்ல முடியாது?”

“ஒங்களுக்கும்தான்.”

அண்ணி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மா, எங்களிடம் பேசாமல், வீட்டில் இருக்கும் யாரிடமோ முறையிடுவதுபோல் சொன்னார்:

“பாத்தீங்களா? ஒங்கள மாதிரியேதான். பொண்டாட்டிக்குக்கூட சொல்ல மாட்டீங்களே, அதே மாதிரி.”